பரோட்டிட் அறுவையில் செவி நரம்பு: வெட்டுவதா, காப்பதா?

காதுக்கு முன்னும் கீழுமாக உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து கட்டியை அகற்றும்போது அறுவை மருத்துவரின் கவனமெல்லாம் முகநரம்பின் மீதே குவிந்திருக்கும். கண்ணை மூடுவதும் உதட்டை அசைப்பதும் அதைச் சார்ந்தவை என்பதால் அது முறையே. ஆனால் முகநரம்பை அடையும் முன்பே கத்தி பெரிய செவி நரம்பைச் சந்தித்துவிடுகிறது. கழுத்துத் தண்டுவடத்தின் 2ஆம், 3ஆம் நரம்புகளிலிருந்து தோன்றி, கழுத்தின் பக்கவாட்டுத் தசையைச் சுற்றி வெளிவந்து, காதை நோக்கி ஏறும் இந்த நரம்பு கேட்டலுக்கானதன்று, தோலின் தொடுவுணர்வுக்கானது. இதை வெட்டிவிட்டு முன்னேறுவது ஒரு வழி. அதன் பின்கிளையைப் பிரித்தெடுத்து ஒதுக்கி வைப்பது மற்றொரு வழி.

வெட்டுவதில் வேலை எளிது; சுரப்பியின் கீழ்முனை விரைவில் விடுபடும். அதற்கு ஈடாகக் காதுச் சோணையும் மடலின் கீழ்ப்பகுதியும் மரத்துப்போகின்றன. அண்டை நரம்புகளின் இழைகள் மெல்லப் படர்வதால் மரத்த பரப்பு மாதங்கள் செல்லச் செல்லச் சுருங்கிவிடும் என்று இவ்வழியை ஆதரிப்போர் சொல்வது பலரிடம் உண்மையாகவே நிகழ்கிறது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் வினாத்தாள்களில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தென்படாத ஆய்வுகளும் உள்ளன. இருப்பினும், தோடு மாட்டுகையில் துளை எங்கிருக்கிறது என்று உணர முடியாமல் கண்ணாடி முன் நிற்பவருக்கும், சவரக்கத்தி கீறியதைக் குருதியைப் பார்த்தே அறிபவருக்கும் இது சிறு இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலும், வெட்டுண்ட முனையில் சில வேளை நரம்பு முடிச்சு உருவாகி, தொட்டால் வலிப்பதோடு, கட்டி மீண்டும் வந்துவிட்டதோ என்ற அச்சத்தையும் கிளப்பும்.

காப்பது என்றால் முழு நரம்பையும் காப்பதன்று. முன்கிளை சுரப்பிக்குள்ளேயே புகுந்துவிடுவதால் அதைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டியதாகிறது. ஆகவே கன்னத்தின் பின்பகுதித் தோலில் ஓரளவு மரப்பு இருக்கவே செய்யும். பின்கிளையைத் தசையின் மேல் கண்டறிந்து சோணை வரை பின்தொடர்ந்து விடுவிக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது பெரும்பாலும் சில நிமிடங்களே. இழுவையால் அது நசுங்கினால், காத்த பிறகும் சில வாரங்கள் உணர்வு மங்கியிருக்கலாம். நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய் நரம்பைப் பற்றியிருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. நரம்பு வழியே பரவும் இயல்புடைய கட்டிகள் இச்சுரப்பியில் உண்டு. கட்டி நரம்பைத் தொடாத நிலையில் பின்கிளையைக் காப்பதே சரி என்பது என் கருத்து. இதற்கு உணர்வைத் தாண்டிய காரணமும் ஒன்றுண்டு: முகநரம்பின் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தால், அந்த இடைவெளியை இணைக்கும் ஒட்டாகப் பயன்படக்கூடியவற்றுள், அதே வெட்டுக்குள்ளேயே கிடைக்கும் இந்தச் செவி நரம்பும் ஒன்று. தொடக்கத்திலேயே அதைத் துண்டித்துவிட்டால், தேவைப்படும் வேளையில் போதிய நீளம் எஞ்சாமல் போகலாம்.