குரோமின் டிவைஸ் மோட்: போன் பட்டியலை விடுங்கள், ஓரத்தைப் பிடித்து இழுங்கள்

ஒரு வெப்சைட் போன், டேப் போன்ற வேறு வேறு திரை அகலங்களில் எப்படித் தெரியும் என்று லேப்டாப்பிலேயே காட்டும் வசதிதான் குரோம் பிரவுசரில் உள்ள டிவைஸ் மோட். அதற்கு ஐந்துக்கு நான்கு மார்க் தருவேன். காசு கிடையாது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். எஃப்12 தட்டி, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். நிறைய பேர் அதில் ஒரு ஐபோன் பெயரையும் ஒரு பிக்ஸல் பெயரையும் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு, மெனு சரியாக வருகிறது என்று மூடிவிடுகிறார்கள். அதன் அருமை அந்தப் பட்டியலில் இல்லை.

பெங்களூரு அல்சூரில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் பெரியவர் ஒருவரின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய ஐபேட் ஒன்றை மண்டபம் மண்டபமாக எடுத்துப் போய்ப் பந்தி மெனுவைக் காட்டுவது அவர் வழக்கம். "பார்ட்டிகிட்ட டேப்பைப் படுக்க வெச்சுக் காட்டுனா, மேல இருக்கிற லைன் நம்ம கடைப் பேரையே மறைச்சுடுதும்மா. நிமித்திப் பிடிச்சா ஒழுங்கா இருக்கு" என்றார். என் போனில் சரி, லேப்டாப்பில் சரி. அவர் சொன்ன கோளாறு எதிலும் தெரியவில்லை.

டிவைஸ் மோடில் போன் பெயருக்குப் பதில் 'ரெஸ்பான்சிவ்' (அகலத்தை நாமே மாற்றும் வகை) என்று வைத்து, வலது ஓரத்தைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்தேன். 1200 பிக்ஸல் வரை மெனு ஒரே வரியில் நின்றது. 1199-க்கு வந்ததும் 'விலைப்பட்டியல்', 'தொடர்புக்கு' இரண்டும் சடாரென்று கீழே குதித்தன. அப்படியே 992 வரை இரண்டு வரி. 991-இல் எல்லாம் சுருங்கி மூன்று கோட்டு பட்டன் ஆகிவிட்டது. போன் அகலம் இதற்கெல்லாம் மிகவும் கீழே, என் லேப்டாப் 1366. அந்த ஐபேட் நிமிர்த்தினால் 768, படுக்க வைத்தால் 1024. நேராக அந்த இடைவெளிக்குள் போய் விழுகிறது.

சைட் பூட்ஸ்ட்ராப் 5-இல் (வெப்சைட் கட்ட உதவும் ரெடிமேட் வடிவமைப்புத் தொகுப்பு) கட்டியது. அதில் திரை அகலத்துக்கு ஏற்ப தோற்றம் மாறும் எல்லைகள் உண்டு, எல்ஜி என்ற எல்லை 992-இல் தொடங்குகிறது. அங்கிருந்து 1199 வரை கன்டெய்னரின் (மெனுவை உள்ளே வைத்திருக்கும் பெட்டி) அகலம் 960 மட்டும்தான், 1200-க்குப் போனால்தான் 1140. ஹோம், அபவுட், கான்டாக்ட் என்று போட்டிருந்தால் 960-க்குள் தாராளமாக அடங்கும். 'எங்களைப் பற்றி', 'கல்யாணச் சமையல்', 'வளைகாப்பு, சீமந்தம்' என்று போட்டால் எங்கே அடங்கும்? மெனு பார் திரையின் மேலேயே ஒட்டி நிற்கும் வகை, அதற்குக் கீழே விட்டிருந்த இடமோ ஒரு வரிக்கானது. இரண்டாவது வரி கடைப் பெயரின் மேல் உட்கார்ந்துகொண்டது. மெனு எந்த எல்லையில் விரிய வேண்டும் என்று சொல்லும் நேவ்பார்-எக்ஸ்பேண்ட்-எல்ஜி என்பதை, 1200-இல் தொடங்கும் எக்ஸ்எல் என்று மாற்றினேன், தீர்ந்தது. 1200-க்குக் கீழே எல்லாமே இனி பட்டனுக்குள்.

டிவைஸ் மோடின் மேல்பட்டையில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் மீடியா குவெரிகளைக் (எந்த அகலத்தில் தோற்றம் மாற வேண்டும் என்ற விதிகள்) காட்டச் சொல்லும் வசதியும் இருக்கிறது. எல்லைகள் வண்ணப் பட்டைகளாக வரும், ஒன்றைத் தட்டினால் அந்த அகலத்துக்கே போய் நிற்கும். இதை ஏன் இவ்வளவு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்களோ!

மூன்று கோட்டு பட்டனைத் தட்டியும் மெனு திறக்கவில்லை என்றால் இந்தக் கருவியைக் குடையாதீர்கள், உதவாது. பெரும்பாலும் பழைய பாடத்திலிருந்து எடுத்த புரோகிராம் கோடாக இருக்கும். 2021-இல் வந்த பூட்ஸ்ட்ராப் 5-இல் பட்டனை இயக்கும் டேட்டா-டாகிள் என்ற குறிப்பு டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆகிவிட்டது. பழையதைப் போட்டால், பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரு எரர்கூட வராது.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஐபோன் என்று தேர்ந்தெடுத்தாலும் உள்ளே ஓடுவது குரோம்தான், சஃபாரி இல்லை. எழுத்துருவும் லேப்டாப்புடையதுதான். விண்டோஸில் நிர்மலா எழுத்துரு வரும் இடத்தில் ஆண்ட்ராய்டில் நோட்டோ எழுத்துரு வரும், தமிழ்ச் சொற்களின் அகலம் அங்கேயே மாறிவிடும். போனில் அட்ரஸ் பார் ஏறி இறங்குவதும் இதில் தெரியாது. 100விஎச் (முழுத் திரை அளவு) உயரம் கொடுத்த மெனுவின் கடைசி வரி அதனால் நிஜ போனில் கீழே ஒளிந்துகொள்ளும் (அட்ரஸ் பாருக்கு ஏற்ப மாறும் டிவிஎச் என்ற அலகு இப்போது வந்துவிட்டது, அதைப் போடுங்கள்). துணிக்கடைக் கண்ணாடி முன் சட்டையை மேலே வைத்துப் பார்ப்பது மாதிரிதான் இது, போட்டுப் பார்த்ததாக ஆகாது.

நிஜ போனில் பார்ப்பதற்கென்றே பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் வாங்கி வைத்திருக்கிறேன். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, போனைக் கேபிளால் லேப்டாப்போடு இணையுங்கள். அப்புறம் லேப்டாப் குரோமில் இன்ஸ்பெக்ட் பக்கத்துக்கு (chrome://inspect) போனால் போனில் திறந்திருக்கும் டேப் அங்கே தெரியும். லேப்டாப்பில் ஒரு அளவை மாற்றினால் கையிலிருக்கும் போனில் அப்போதே மாறும். கேபிளைப் பார்த்து வாங்குங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் போன் லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது.

ஐபோன், ஐபேட் சஃபாரியை இப்படி உள்ளே போய்ப் பார்க்க ஆப்பிள் தரும் வழிக்கு மேக் வேண்டும். என்னிடம் மேக் இல்லாததால் பெரியவரின் ஐபேடை வாங்கி, படுக்க வைத்து நேரிலேயே பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்தது என்று சொன்னேன். உங்கள் வாடிக்கையாளர்கள் ஐபோன்காரர்கள் என்றால், ஒரு பழைய மேக்கின் விலையையும் முதலிலேயே கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள்.