விரல் ரேகையில் புத்தி அளக்கிறார்களாம்: 6,500 ரூபாய் போயிற்று

நேற்று மாலைதான் கும்பகோணத்தில் கடைசியாகச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் கணக்கை நொடியில் போடுவான். பாடத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் அழுதுவிடுவான். "ஐ.க்யூ. (புத்திக்கூர்மை எண்) பார்த்துவிடுங்கள்" என்றார் ஆசிரியை. கடைத்தெரு மாடியில் பிள்ளைகளின் மூளைத்திறனை அளக்கும் மையம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். கட்டணம் 6,500 ரூபாய், குறுவை நெல் போட்ட காசு. "அக்கா, பத்து விரலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்" என்று அங்கிருந்தவர் மகனுக்கு மிட்டாய் கொடுத்து, பெயர் சொல்லித் தட்டிக்கொடுத்தார். அந்த 'அக்கா'வில்தான் விழுந்தேன்.

ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, கருவியில் விரல்களை வைத்து ரேகை எடுத்தார்கள். மகனுடையது கொல்லையில் வாழைத்தாரைத் தொட்ட கை. இடது கட்டைவிரலில் கறை அப்பியிருந்ததால் கருவி ஏற்கவில்லை. துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்று வலது கட்டைவிரலையே மறுபடி வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வழவழப்பான அறிக்கையில் இரண்டு கட்டைவிரல்களுக்கும் வெவ்வேறு எண்கள்! ஐ.க்யூ. 142 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. இவ்வளவு புத்தி இருந்தும் படிக்க வலிக்கிறதா என்று பிள்ளையைத் திட்டித் தீர்த்தேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

பிறகு தஞ்சாவூரில் முறையாகப் படித்த உளவியலாளர் ஒருவரிடம் போனோம். கட்டைகளை அடுக்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, இந்தியப் பிள்ளைகளுக்கான 'மாலின்' (Malin) என்ற புத்தி அளவுகோலில் பார்த்தார். வந்தது 103. அந்தந்த வயதுக்கு 100தான் சராசரி, மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவில்தான் இருப்பார்கள், 142 என்றால் ஏறக்குறைய நானூறு பேரில் ஒருவர் என்றார். சிக்கல் புத்தியில் இல்லை, வாசிப்பில். அதைத் தனியாகச் சோதிக்க வேண்டுமாம். ரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறதாம்.

6,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். முதல் தடவை "சார் வெளியூர்". அடுத்த தடவை "மென்பொருள் தவறு செய்யாது, அம்மா". பணம் வாங்கும்வரை அக்கா, இப்போது அம்மா! கட்டைவிரல் கதையை நேற்று கேட்டதற்கு, விளக்கம் சொல்லத் தனிக்கட்டணம் 1,500 என்றார்கள்.

சோதிப்பவரிடம், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பிள்ளையோடு உட்கார்ந்து பேசாமல் மதிப்பெண் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். 'பணம் திருப்பித் தரப்படாது' என்று எறும்பு எழுத்தில் இருந்ததை நான் நேற்றுதான் பார்த்தேன்.