பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி.: கல்லூரியா, களமா?

சேலத்துக்காரர் பிஎச்.டி. முடித்தால் இரண்டு வழி. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆனால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அளவில் அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். இடம் காலியாக வேண்டுமே! மருத்துவக் கல்லூரிச் சமூக மருத்துவத் துறையிலோ ஆசிரியர் பணிக்கு எம்.டி. என்ற மருத்துவ மேற்படிப்பைக் கேட்பார்கள், மருத்துவர் அல்லாதவருக்குப் பெரும்பாலும் புள்ளியியல் நாற்காலிதான்.

இரண்டாவது வழியான கள ஆய்வு வேறு மாதிரி. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் கூடையை இறக்கிய கையோடு பிபி பார்த்தால் அளவு எகிறும். ஐந்து நிமிடம் உட்காரவைத்துத்தான் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். சென்னையின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் போன்ற இடங்களின் ஆய்வுகளுக்கு இந்த நிதானம் வேண்டும். ஆனால் திட்ட நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். பெண் பார்க்கும் வீட்டில் இதை விளக்குவது தனிக் கஷ்டம்.

என்னைக் கேட்டால், முதல் மூன்று வருடம் மலைதான். அப்புறம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது கையில் நாலு கட்டுரையாவது இருக்கும்.