அணில் படத்துக்கு கேனன் ஆர்எஃப் 100-400: எஃப் 8 இடிக்கும் இடமும் இடிக்காத இடமும்

கேனன் ஆர்எஃப் 100-400 மி.மீ. எஃப் 5.6-8 ஐஎஸ் யுஎஸ்எம். தூரத்துப் பொருளைக் கிட்டே இழுக்கும் ஜூம் லென்ஸ். இந்த நீளப் பெயரில் எல்லோர் கண்ணையும் உறுத்துவது அந்த 8தான்: எஃப் எண் கூடக்கூட ஒளி நுழையும் துளை சிறுக்கும். 2021-இல் லென்ஸ் வந்த நாளிலிருந்து "400-இல் எஃப் 8-ஆ? உச்சி வெயிலுக்குத்தான் ஆகும்" என்ற பேச்சு ஓயவில்லை. மங்கிய வெளிச்சத்தில் பறவை பறப்பதை எடுப்பவர்கள் அப்படிச் சொன்னால் சரி. அணில், சிப்மங்க் (கோடு போட்ட சிறு தரை அணில்), வயல் எலி, முயல் என்று தரையோடு தரையாகத் திரியும் சின்னப் பிராணிகளுக்குக் கணக்கு வேறு. இந்த வேலையில் எஃப் 8 நினைத்த இடத்திலெல்லாம் இடிப்பதில்லை. நினைக்காத வேறு இரண்டு மூன்று இடங்களில் லென்ஸ் இடிக்கிறது.

முதலில் இதன் நிஜமான பலம். 400 மி.மீ.-இல் அதிகபட்ச உருப்பெருக்கம் 0.41 மடங்கு, அதாவது பொருளின் நிஜ அளவில் 0.41 பங்கு சென்சாரில் விழும். மேக்ரோ (மிக நெருக்கத்தில் எடுக்கும்) லென்ஸ் அல்லாத ஒரு ஜூமுக்கு இது பெரிய எண். பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஏறக்குறைய 8.8 செ.மீ. அகலமுள்ள பரப்பு படத்தை நிரப்பிவிடும். அதாவது அணிலின் தலையும் முன்னங்கால்களும் மட்டுமே சட்டத்துக்குள் நிற்கும். கையில் உருட்டும் கொட்டையின் பல்தடம் வரை தெரியும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமரா பாடியில் அந்த அகலம் 5.5 செ.மீ.-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. இதே கேனனின் விலையுயர்ந்த ஆர்எஃப் 100-500 எல் லென்ஸ் தருவது 0.33 மடங்குதான், எடையோ 1.4 கிலோவை ஒட்டி. இது 635 கிராம். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, முழங்கைகளை ஊன்றி இருபது நிமிடம் அசையாமல் காத்திருக்கும்போது, அந்த முக்கால் கிலோ வித்தியாசம் தோள்பட்டைக்குத் தெரியும்.

ஆனால் நெருங்க முடிகிறது என்பதற்காக நெருங்கக் கூடாது. முழு உருப்பெருக்கத்தில் எஃப் 8-இல் கூர்மையாக விழும் ஆழம் வெறும் 4 மி.மீ. அணிலின் கண் ஷார்ப் என்றால் மூக்கு நுனி போய்விடும், மீசை முழுவதும் போய்விடும். இந்த நிலையில் எஃப் 5.6 தரும் லென்ஸ் இருந்தால் ஆழம் இன்னும் குறையும் என்பதையும் கவனியுங்கள். நெருக்கத்தில் எஃப் 8 குறையே அல்ல, பல சமயம் எஃப் 11 வரை மூட வேண்டிவரும். மூன்று மீட்டர் தள்ளி இருந்தால் சட்டத்தின் அகலம் சுமார் 25 செ.மீ., கூர்மை ஆழம் இரண்டரை செ.மீ.-ஐ ஒட்டி. வாலோடு முழு உடம்பும் அடங்கும், கண்ணும் மூக்கும் இரண்டுமே நிற்கும். சின்ன அணில் வகைகளுக்கு இந்த லென்ஸின் நல்ல தூரம் மூன்றிலிருந்து நான்கு மீட்டர்தான். அதற்குள் போனபோது அது வாலை வெட்டி வெட்டி ஆட்டினாலோ, விடாமல் கீச்சிட்டாலோ, தின்பதை நிறுத்திச் சிலையாகிவிட்டாலோ நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். பயந்த பிராணியின் படம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

"எஃப் 8-இல் பின்னணி மங்காது" என்பது அடுத்த புகார். இது பாதி உண்மை. மங்கலைத் தீர்மானிப்பது எஃப் எண் மட்டுமல்ல, துளையின் உண்மையான விட்டம். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மி.மீ. 300 மி.மீ. எஃப் 5.6 லென்ஸில் அது 54 மி.மீ.; அத்தனை தூரமில்லை. மூன்று மீட்டரில் இருக்கும் அணிலுக்கு இரண்டு மீட்டர் பின்னால் புதர் இருந்தால், அதிலுள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் மூன்று மி.மீ. வட்டமாகப் பரவும், வழவழவென்று கரைந்துவிடும். அதே புதர் 30 செ.மீ. பின்னால் இருந்தால் வட்டம் ஒரு மி.மீ.-ஐக்கூடத் தொடாது, ஒவ்வொரு சருகும் தன் முகத்தைக் காட்டும். ஆகவே லென்ஸை மாற்றுவதற்கு முன் உயரத்தை மாற்றுங்கள். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் பின்னணி என்பது பிராணிக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் தரை. கண்மட்டத்துக்கு இறங்கிவிட்டால் பின்னணி பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும்.

சரி, எஃப் 8 நிஜமாகவே இடிப்பது வெளிச்சத்தில். காலை வெயில் நேரடியாக விழும் இடத்தில் 1/1000 நொடி ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூடினால் படம் புள்ளி புள்ளியாகும்) 800 போதும். அடர்ந்த மரத்தடிக்குள் போனால் 1/500-க்கே ஐஎஸ்ஓ 6400 கேட்கும். சூரியன் மறைந்த பிறகு அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 50,000-ஐத் தாண்டிவிடும். அத்தோடு இந்த லென்ஸின் நாள் முடிந்தது. இரவாடிகளான எலிகளும் முள்ளெலிகளும் இதற்கான வேலை இல்லை, அவற்றுக்குப் பொறிக் கேமராவும் (பிராணி வந்தால் தானே இயங்குவது) ஃபிளாஷும் வைத்து எடுப்பது தனிக் கலை.

ஐஎஸ் என்ற நடுக்கத் தணிப்பு 5.5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரம் இரு மடங்கு) என்று கேனன் சொல்கிறது. அது தணிப்பது உங்கள் கை நடுக்கத்தை; அணிலின் நடுக்கத்தை அல்ல. உட்கார்ந்து தின்னும் அணில் அசையாமல் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் தாடை விடாமல் ஓடும், முன்கைகள் கொட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். 1/125-இல் எடுத்தால் உடம்பு ஷார்ப்பாகவும் வாய்ப்பகுதி மட்டும் கஞ்சியாகவும் வரும். பலர் இதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து லென்ஸைத் திட்டுகிறார்கள். தின்னும்போது குறைந்தது 1/320, ஓடும்போது 1/1600-க்கு மேல். தின்பதை நிறுத்தித் தலை தூக்கிக் கேட்கும் ஒரு நொடி இருக்கிறதே, அங்கே 1/60 கூடப் போதும். அந்த நொடிக்காகக் காத்திருந்தால் ஐஎஸ்ஓ பிரச்சினை பாதி தீர்ந்தது.

இனி பேசப்படாத குறை. இந்த லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் சுவிட்ச் கிடையாது. ஏஎஃப்/எம்எஃப் (தானியங்கி ஃபோகஸ்/கை ஃபோகஸ்), ஸ்டெபிலைசர் என்று இரண்டுதான். ஃபோகஸை நகர்த்தும் நானோ யுஎஸ்எம் மோட்டார் வேகமானது, சத்தமற்றது. ஆனால் முன்னால் ஒரு புல் குறுக்கிட்டால் லென்ஸ் கிட்டத்து எல்லை வரை ஓடி, திரும்ப முடிவிலி வரை போய், பிறகுதான் அணிலைத் தேடும். அதற்குள் அது மரமேறிவிடும். இதற்கு மருந்து பாடியின் மெனுவில் இருக்கிறது. ஏஎஃப் முடியாதபோது லென்ஸ் தேடலைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று கேட்கும் அமைப்பை 'நிறுத்து' என்று வையுங்கள். ஷட்டர் பட்டனைத் தொடாதபோதும் தானாக ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். பிறகு அணில் வரப்போகும் இடத்திலுள்ள ஒரு கூழாங்கல்லிலோ சருகின் விளிம்பிலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துவிட்டால், லென்ஸ் அந்தத் தூரத்திலேயே நிற்கும். இதில் ஒரு விலை உண்டு: பிராணி சட்டென்று மிகக் கிட்டே வந்துவிட்டால் லென்ஸ் தேடவே தேடாது, வளையத்தைக் கையால் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும்.

கேமராவின் விலங்குக் கண் கண்டறிதல் நாய், பூனை, பறவைகளை மனதில் வைத்துச் செய்தது. இருந்தாலும் அணிலின் பெரிய கறுப்புக் கண்ணை அது பெரும்பாலும் பிடித்துவிடுகிறது, குறிப்பாக கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வெளிச்சம் இருந்தால். கடுகுக் கண் மூஞ்சூறுகளிடம் அந்த வித்தை பலிக்காது. ஆகச் சிறிய ஏஎஃப் புள்ளியைக் கண்மேல் நீங்களேதான் வைக்க வேண்டும்.

மெக்கானிக்கல் ஷட்டரின் முதல் 'கிளிக்'கிலேயே பல அணில்கள் துள்ளிவிடும். எலக்ட்ரானிக் ஷட்டர் சத்தமில்லாதது, ஆனால் கேனன் ஆர்7 போன்ற பாடிகளில் சென்சாரைப் படிக்கும் வேகம் குறைவு. ஓடும் அணிலின் வால் சாய்ந்து நெளியும். உட்கார்ந்திருந்தால் எலக்ட்ரானிக், ஓடினால் மெக்கானிக்கல். ஆர்7-இன் ரா பர்ஸ்ட் (படபடவென்று தொடர் படம் எடுக்கும்) முறையில், பட்டனை அழுத்துவதற்கு அரை நொடி முந்தைய படங்களும் பதிவாகும். தாவலை எடுக்க அது கைகொடுக்கும், நெளிவைப் பொறுத்துக்கொண்டால்.

லென்ஸின் மி.மீ.-ஐப் பெருக்கும் 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரும் 2 மடங்கு எக்ஸ்டெண்டரும் பொருந்தும். 560 மி.மீ. எஃப் 11, 800 மி.மீ. எஃப் 16 என்று ஆகும். முதலாவது நல்ல வெயிலில் கூச்ச சுபாவமுள்ள பிராணிக்கு ஓரளவு பயன்படும். இரண்டாவதை அணிலுக்கு வாங்க வேண்டாம்: ஒளியின் விளிம்பு விளைவால் (சிறு துளையில் நுழையும் ஒளி பரவுவது) விவரம் மழுங்கும், ஷட்டர் வேகமும் செத்துவிடும்.

கட்டுமானத்தில் கேனன் கை இறுக்கியது தெரிகிறது. ஈரமும் தூசியும் தடுக்கும் அடைப்பு இல்லை, ஜூம் செய்தால் குழாய் வெளியே நீள்கிறது. பனிப்புல்லில் படுப்பவர்களுக்கு இது நிஜமான ஆபத்து: நீர்த்துளி ஒட்டிய குழாயை அப்படியே உள்ளே இழுத்தால் ஈரம் லென்ஸுக்குள் போகிறது. சுருக்கும் முன் துணியால் ஒற்றி எடுங்கள். ட்ரைபாட் காலர் (லென்ஸை முக்காலியில் பூட்டும் வளையம்) கிடையாது. இந்த எடைக்கு அது தேவையும் இல்லை. அரிசியோ பயறோ முக்கால் பங்கு மட்டும் நிரப்பிய ஒரு துணிப்பை போதும். முழுக்க நிரப்பினால் லென்ஸ் மேலே உருளும், பள்ளம் விழாது.

லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் பெட்டியில் வராது. ஈடி-74பி (ET-74B) என்ற எண்ணில் தனியாக வாங்க வேண்டும். அதை மிச்சம் பிடிக்காதீர்கள். தரைமட்டத்தில் காலைச் சூரியன் நேராகக் கண்ணாடியில் அடிக்கும், புல்நுனி முன்கண்ணாடியைத் தேய்க்கும், பனித்துளி தெறிக்கும். மூன்றையும் அந்த ஒரு பிளாஸ்டிக் வளையம் தடுக்கிறது. 67 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டர் அதற்கு மாற்று அல்ல. எதிர்வெயிலில் அந்தக் கூடுதல் கண்ணாடிதான் படத்தின் கறுப்பை வெளிற வைக்கும், அணிலின் கண்ணும் கறுப்புதானே.