மின்சார மோட்டார் சைக்கிளை ஓடோமீட்டர் பார்த்து வாங்காதீர்கள்

ஐந்து வயதான ஒரு மின்சார மோட்டார் சைக்கிளை, "2,100 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, புது வண்டி மாதிரி" என்ற பேச்சை நம்பி வாங்கினேன். வாங்கிய பதினோராம் நாள் இரவு, மலைச் சாலை ஏற்றத்தில், மீட்டர் 41 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. என்னைப் போலப் பல ஆண்டுகள் பெட்ரோல் வண்டி ஓட்டிவிட்டு இப்போது மின்சாரத்துக்கு மாற நினைக்கிறவர்களில் ஒருவராவது இந்தக் குழியில் விழாமல் தப்பிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விவகாரம் இன்னும் தீராததால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

மின்சார வண்டிமேல் எனக்குப் பகை எதுவும் கிடையாது. இருபது ஆண்டுகளாக என்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவான் என்று நண்பர்களிடம் பெயர் வாங்கியவன் நான். ஒரு நாள் நண்பர் ஒருவர் தன் மின்சார வண்டியின் சாவியைக் கையில் கொடுத்தார். ஆக்சிலரேட்டரைத் திருகிய நொடியில் வண்டி பாய்ந்தது. இடது கை பழக்க தோஷத்தில் கிளட்சைத் தேடியது. பெட்ரோல் என்ஜின் சுழற்சி ஏற ஏறத்தான் தன் முழு பலத்தையும் தரும். மின் மோட்டாரோ நின்ற இடத்திலிருந்தே கொடுத்துவிடுகிறது. வளைவுக்குள் சாயும்போது டயர் சாலையை உரசும் ஒலி காதில் விழுந்தது. இருபது ஆண்டுகளில் அந்த ஒலியை நான் கேட்டதே இல்லை. அன்றிரவு, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் 2010 முதல் 2019 வரை நடந்த டிடி ஜீரோ மின்சாரப் பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். 2019இல் பிரிட்டிஷ் வீரர் மைக்கேல் ரட்டர் மணிக்குச் சுமார் 196 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் சுற்றை முடித்தார். சுற்றின் நீளம் 60 கிலோமீட்டர் சொச்சம்; பந்தயமே அந்த ஒரு சுற்றுதான். பெட்ரோல் வண்டிகள் பல சுற்று ஓடும் அதே சாலையில் மின்சார வண்டிக்கு ஏன் ஒன்றே ஒன்று என்று யோசிக்கும் மனநிலை எனக்கு அப்போது இல்லை. எப்படியாவது ஒன்று வாங்கிவிட வேண்டும் என்ற வேகம் மட்டுமே இருந்தது.

பழைய வண்டிகள் விற்கும் அந்தக் கடையில் எனக்குக் காட்டப்பட்டவை எல்லாம் எனக்குப் பார்க்கத் தெரிந்தவை. புது டயரில் இருக்குமே, மெல்லிய ரப்பர் இழைகள், அவை டயரின் ஓரங்களில் உதிராமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் தட்டில் விரல் வைத்துத் தடவினேன். விளிம்பில் மேடு தட்டவில்லை. சங்கிலி ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் தேய்ந்து கூராகாமல் இருந்தன. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. குனிந்தும் நிமிர்ந்தும் அரை மணி நேரம் நான் சோதித்ததை விற்பனையாளர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "சார், இதில் தேய்வதற்கு என்ன இருக்கிறது? என்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, ஆயில்கூட இல்லை." கூடவே ஒரு தாளையும் நீட்டினார். பேட்டரியின் ஆரோக்கியம் 97 சதவீதம் என்று அதில் அச்சாகியிருந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் நிதானமான ஓட்டத்தில் 180 கிலோமீட்டர் போகும் என்றார். முழு சார்ஜில் நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். வண்டி அம்பு போலப் பறந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டேன்.

பெட்ரோல் வண்டிக்குக் குறைந்த கிலோமீட்டர் நல்ல அறிகுறி. ஐந்து வயதான மின்சார வண்டி 2,100 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், அது காலமெல்லாம் எங்கோ சும்மா நின்றிருக்கிறது என்று பொருள். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் ஓடினாலும் மூப்படையும், சும்மா இருந்தாலும் மூப்படையும். முழு சார்ஜோடு வெப்பமான இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த மூப்பு வேகமாக வரும். பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் நிறுத்தினால் மெதுவாக வரும். எல்லாவற்றிலும் கொடியது காலியாக நிறுத்திவைப்பது. சாவியை எடுத்துவிட்டாலும் வண்டியின் மின்னணுப் பலகை துளித் துளியாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். செல்லின் வோல்ட் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படியும். அதற்குப் பிறகு அந்தச் செல்லை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. டயரைத் தடவிப் பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

அந்த இரவைச் சொல்கிறேன். ஏற்றத்தின் நடுவில் ஆக்சிலரேட்டருக்கு வண்டி பதில் சொல்வது திடீரென்று தளர்ந்தது. மீட்டரில் ஆமை வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. 41 என்ற எண் மாறவே இல்லை. இருநூறு மீட்டர் ஊர்ந்து போய், ஒரு லாரி என்னை ஒட்டிக் கடந்த நேரத்தில் மோட்டார் முழுவதுமாக அடங்கியது. இருநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இருட்டில், வளைவில், ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். பின்னால் வந்த வாகனக்காரர் பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஏமாந்த காசைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை. பேட்டரி இந்த நிலையில் இருப்பது தெரிந்தே ஒரு மனிதனைச் சாலையில் அனுப்பியிருக்கிறார்கள்.

கடையில் கேட்டபோது, "நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள், சார்" என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலர் இங்கேயே வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நகருக்குள் 180 கிலோமீட்டர் ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் விரட்டினால் அதில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. நல்ல வண்டிக்கும் இதே கதைதான். அதனால் ஒரு விடுமுறை நாளில், சமதளச் சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டிப் பார்த்தேன். 105ஆவது கிலோமீட்டரில் நின்றது. மீட்டரில் மீண்டும் அதே 41.

அதன் பிறகே பேட்டரி வேலை தெரிந்த ஒரு தொழில்நுட்பரிடம் போனேன். அவர் மடிக்கணினியை இணைத்ததும் திரையில் 28 பட்டைகள் எழுந்தன. வரிசையாக இணைத்த 28 செல் தொகுப்புகள் அவை. 27 பட்டைகள் 3.6 வோல்ட்டில் படையணி போல ஒரே மட்டத்தில் நின்றன. 19ஆவது மட்டும் கொஞ்சம் குட்டையாக இருந்தது. "இது ஓய்வில் இருக்கும்போது. இப்போது ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்" என்றார். திரும்பி வந்ததும் பதிவைக் காட்டினார். நான் முறுக்கிய இடத்தில் மற்றவை 3.5க்கு இறங்கியிருந்தன; 19ஆவது தொகுப்பு 2.8 வரை சரிந்திருந்தது. வரிசை இணைப்பில் எல்லாத் தொகுப்புகளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே, மற்ற 27லும் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், இளைத்த ஒன்று காலியாகும்போது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுக் காவல் பலகை மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடும். துண்டிக்காவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து. என் பேட்டரியின் அளவு 100 ஆம்பியர் மணி. 19ஆவது தொகுப்பில் மிஞ்சியிருந்தது 59. நூறு இருப்பதாக எண்ணி மீட்டர் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது: நூறில் 59 போனால் 41. அந்த எண்ணின் மர்மம் இவ்வளவுதான்.

முழு சார்ஜில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததன் காரணமும் அப்போது விளங்கியது. சார்ஜ் நிறைந்திருக்கும்போது நோய்ப்பட்ட செல்லும் நல்ல செல்லும் ஒரே 4.2 வோல்ட்டைக் காட்டும். முதல் நான்கு கிலோமீட்டரில் வித்தியாசம் எதுவும் தெரியாது.

அந்த 97 சதவீதம் எங்கிருந்து வந்தது? பேட்டரியின் காவல் பலகை தானே கற்றுக் கணக்கிடும் எண் அது. விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு அந்தக் கணக்கு அழிக்கப்பட்டிருப்பது பலகையின் நினைவகத்திலேயே பதிவாகியிருந்தது. அழித்தால் மறுபடி நூறிலிருந்து தொடங்கும். அச்சடித்துக் கொடுத்துவிடலாம். "உத்தரவாதத்தில் இன்னும் மூன்று ஆண்டு பாக்கி" என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சேஸிஸ் எண்ணைக் குறிப்பிட்டுத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். முந்தைய உரிமையாளர் பதினான்கு மாதம் சார்ஜ் இல்லாமல் போட்டுவைத்ததால் பேட்டரிக்கான உத்தரவாதம் ரத்தாகிவிட்டது என்றும், கடை அந்த வண்டியை வாங்கும் முன்பே அவர்களுக்கும் இது எழுத்தில் தெரிவிக்கப்பட்டது என்றும் பதில் வந்தது. தெரியாமல் நடந்த தவறு என்று நான் கொடுத்து வைத்திருந்த சந்தேகத்தின் பலன் அந்தக் கடிதத்தோடு தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அதே கடையின் விளம்பரப் பலகையில் பார்த்ததுதான். முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 480 நியூட்டன் மீட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மோட்டார் தருவது 96; ஐந்து மடங்கு பற்சக்கரக் குறைப்புக்குப் பின் சக்கரத்தில் கிடைப்பது அந்த 480. என்ஜினில் 100 நியூட்டன் மீட்டர் தரும் பெரிய பெட்ரோல் வண்டியும் முதல் கியரில் சுமார் பத்து மடங்காக்கிச் சக்கரத்துக்கு ஆயிரம் வரை அனுப்பும். பெட்ரோல் வண்டிக்கு என்ஜின் கணக்கு, மின்சார வண்டிக்குச் சக்கரக் கணக்கு என்று ஒப்பிட்டால் எதைத்தான் விற்க முடியாது?

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து சுவர்ப் பிளக்கில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றை எடுத்துப் போங்கள். வண்டியைப் பத்து சதவீதம் வரை ஓட்டி இறக்கிவிட்டு, நூறு வரை சார்ஜ் ஏற்றுங்கள். பத்தில் ஒரு பங்கு சார்ஜரில் வெப்பமாகப் போய்விடும் என்பதால், அளவி காட்டும் யூனிட் பேட்டரியின் பெயரளவுக் கொள்ளளவுக்கு ஏறக்குறையச் சமமாக வர வேண்டும். என் வண்டி 10.2 யூனிட் கொள்ளும் என்று எழுதியிருக்கிறது. நின்றுபோன நிலையிலிருந்து முழுதாக ஏற்றியும் சுவரிலிருந்து 6.7 யூனிட்தான் எடுத்தது. ஒரு நாள் ஆகும் சோதனை இது. அந்த ஒரு நாளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. முழு சார்ஜில் எடுத்த செல் தொகுப்பு அளவுகளை ஏற்காதீர்கள். இருபது முப்பது சதவீதத்தில், ஏற்றத்தில் ஓடும்போது எடுத்ததைக் கேளுங்கள். உத்தரவாதத்தைக் கடைக்காரர் வாயால் கேட்காமல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஆல்டா 2018இல் கடையை மூடியது. 2019 முதல் 2022 வரை மோட்டோஇ என்ற மின்சார மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயத்துக்கே வண்டி கொடுத்த இத்தாலியின் எனர்ஜிகாவும், ஸ்வீடனின் கேக் நிறுவனமும் 2024இல் திவாலாயின. அருமையான வண்டிகள் செய்தவர்கள். ஆனாலும் மென்பொருளுக்கும் பேட்டரிக்கும் தயாரித்தவரையே நம்பியிருக்கும் வண்டியில், அவர் போய்விட்டால் பக்கத்து மெக்கானிக்கால் எவ்வளவு தூரம் உதவ முடியும்?

தொழில்நுட்பரின் எழுத்துமூல அறிக்கை, நினைவகப் பதிவு, நிறுவனத்தின் கடிதம் மூன்றையும் இணைத்து முறையீடு கொடுத்திருக்கிறேன். வண்டியை விற்கவில்லை. எண்பது கிலோமீட்டருக்குள், ஏற்றமில்லாத சாலைகளில் ஓட்டுகிறேன். டயர் உரசும் அந்த ஒலி இன்னும் பிடித்திருக்கிறது. போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். என் வண்டி நின்ற அதே இடத்தில் இன்னொன்று நிற்கிறது. ஆறு வயது, 1,600 கிலோமீட்டர் என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன் டயரிலும் ரப்பர் இழைகள் உதிரவில்லை.