புரட்டாசி விடுமுறையில் நான்கு நாட்கள்: செட்டிநாட்டில் ஒரு சிறுவர் கைவினைப் பயிலரங்கு

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் இதுவரை கைப்பேசிதான் விடையாக இருந்தது. இந்த ஆண்டு, காரைக்குடியிலிருந்து கண்டனூர் போகும் வழியில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய வீட்டில் பருவகாலக் கைவினையும் இயற்கை அறிதலும் சேர்ந்த நான்கு நாள் பயிலரங்கு நடக்கிறது என்று பள்ளி வாசலில் ஒரு தாய் சொன்னார். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் ஒரு பிள்ளைக்கு 1,800 ரூபாய்; நேரம் காலை 9.30 முதல் 12.30 வரை, கடைசி நாள் மட்டும் மாலையில். என் மகளுக்கு எட்டு வயது, தங்கை மகனுக்கு ஆறு. சின்னவன் தனியாக இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் நானும் நான்கு நாட்களும் வளவின், அதாவது வீட்டின் உள்முற்றத்தின், ஓரத்தில் ஒரு தூணடியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சொல்வதை மட்டும் கேட்டிருந்தால் இந்த மதிப்புரை வெறும் பாராட்டாக முடிந்திருக்கும்.

முதல் நாள் முழுவதும் பனையோலை. கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுவதில் நெடுநாள் பழக்கமுள்ள ஒரு மூதாட்டியை அழைத்து வந்திருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அப்பத்தா ஆகிவிட்டார். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் பற்றியும், கல்யாணச் சீரில் அதற்குள்ள இடத்தைப் பற்றியும் பொறுப்பாளர் பேசிய நேரமெல்லாம் பிள்ளைகள் நெளிந்துகொண்டே இருந்தார்கள். அப்பத்தா அப்படி எதுவும் பேசவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த குருத்தோலையை எடுத்து, நகத்தால் ஈர்க்கைப் பிரித்து எறிந்து, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று நான்கு வரி பின்னிக் காட்டிவிட்டு, காய்ந்த ஓலை ஒன்றை மடித்து அது படக்கென்று முறிவதைக் காட்டினார். “நனைஞ்ச ஓலை சொன்ன பேச்சுக் கேக்கும், காஞ்சது கேக்காது” என்றார். என் மகள் இதை அன்று இரவு சாப்பிடும்போதும் சொன்னாள்.

பாதுகாப்பைப் பற்றி எழுதவே இந்த மதிப்புரையைத் தொடங்கினேன் என்பதால் அந்த முதல் நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓலையின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் விரலை அறுக்கும். அதனால் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் துணிப்பட்டை சுற்றிய பிறகே பிள்ளைகளின் கையில் ஓலையைக் கொடுத்தார்கள். பனைமட்டையின் இரு ஓரமும் ரம்பப்பல் போன்ற கருக்கு. அதைச் சீவி எறிந்த மட்டையைக் கொடுத்தால் போதும் என்று விட்டுவிடாமல், சீவாத மட்டை ஒன்றையும் நடுவில் வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒற்றை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கும்படி செய்தார்கள். பனங்காட்டில் நாளைக்கு ஒரு மட்டை கிடந்தால் அதை எப்படித் தூக்குவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயம் காய்ச்சும் வேலையை அடுப்படியில் பெரியவர்கள் முன்னதாகவே முடித்து, நிறமேற்றிய ஓலைகளைக் காயவைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கத்தரிக்கோல்கள் அனைத்தும் முனை மழுங்கியவை. மேசைக்கு ஒன்று, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினார்கள்.

என் மகள் ஒரு சாண் அகலத் தடுக்கு ஒன்றைக் கோணல் மாணலாகப் பின்னி முடித்தாள். ஆறு வயதுக்காரர்களுக்கு அது கைகூடாது என்பதை உணர்ந்து அவர்களுக்கு ஓலைக் காற்றாடி செய்யக் கொடுத்தது சரியான முடிவு. காற்றாடியின் நடுவில் கருவேல முள்ளைக் குத்துவதுதான் ஊர் வழக்கம். இங்கே முள்ளுக்குப் பதிலாக ஈர்க்கைக் குத்தியிருந்தார்கள். முள் குத்திய காற்றாடியின் வேகம் இதற்கு வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கையில் காற்றாடியோடு ஓடும் ஆறு வயதுப் பையன் தடுக்கி விழுவான் என்பது எனக்குத் தெரியும். அன்று எங்கள் பையன் இரண்டு முறை விழுந்தான்.

இரண்டாம் நாள் நடை. தாவரவியல் படிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் வழிநடத்தினார். மூடிய செருப்பு கட்டாயம், கல்லையோ கட்டையையோ கையால் புரட்டக் கூடாது, எதையும் வாயில் வைக்கக் கூடாது, திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற நான்கு விதிகளைத் திண்ணையிலேயே பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினார். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பட்டுப்பூச்சி என்றும் சொல்வோமே, இரத்தத் துளிபோல் சிவந்த அந்தச் சின்ன உயிர்தான். தீப்பெட்டியில் அதை அடைத்து வளர்த்த தலைமுறை எங்களுடையது. அவர் யாரையும் பிடிக்கவிடவில்லை. குந்தி உட்கார்ந்து கால்களை எண்ணச் சொன்னார். எட்டு வந்தது. பூச்சிக்கு ஆறு கால்தானே என்று ஒரு பெண் கேட்ட பிறகுதான், பெயரில் பூச்சி இருந்தாலும் இது சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு என்ற செய்தியைச் சொன்னார். கேள்வி வரும்வரை விடையைக் கையில் வைத்திருக்கத் தெரிந்த ஆசிரியர் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

வேலியோரம் செங்காந்தள் பூத்திருந்தது. நம் மாநில மலர் என்று சொன்ன கையோடு, அந்தக் கொடியின் எல்லாப் பகுதியும், குறிப்பாகக் கிழங்கு, உயிரைப் பறிக்கும் நஞ்சு என்பதையும் அவர் சொன்னார். எருக்கிலையை ஒடித்து, வடியும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்று காட்டிவிட்டு, உடனே அங்கேயே பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். காட்டாமணக்கு விதையைப் பிள்ளைகள் கடலை என்று நினைத்துத் தின்றுவிடுவதுண்டு. அதையும் அடையாளம் காட்டினார். ஊருணிக் கரையில் மேல்படி ஒன்றோடு நின்றுகொண்டார்கள். கீழ்ப்படிகளில் பாசி படிந்திருந்தது. பெரியவர்கள் இருவர் தண்ணீர்ப் பக்கமாக முதுகைக் காட்டி நின்றார்கள். அதற்குமேல் அங்கே எந்தப் பிள்ளையும் போகவில்லை.

இவ்வளவு அழகாக நடந்த காலையின் கடைசி அரைமணி நேரத்தில் வண்ண அச்சுத்தாள் ஒன்றை விநியோகித்தார்கள். தலைப்பு ‘இலையுதிர் காலம்’. உள்ளே மேப்பிள் இலை, பூசணி, ஓக் மரத்துக் கொட்டையைக் கடிக்கும் அணில். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலைகள் சிவந்து உதிரும் என்று எழுதி, இலைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லியிருந்தார்கள். முற்றத்துக்கு அப்பால் வேப்பமரம் மழை கண்ட தெளிவில் கரும்பச்சையாக நின்றுகொண்டிருந்தது. என் மகள் மரத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

தாளில் இருந்தது பொய் அன்று. அது வேறு ஊரின் உண்மை. குளிர்நாடுகளில் பகல் குறுகி வெப்பம் குறையத் தொடங்கும்போது இலையின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சில மரங்கள் அந்த நேரத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உண்டாக்குகின்றன. பனிக்காலத்தைத் தாங்க மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நம் பக்கத்தில் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மாசி, பங்குனியில், தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி. ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். காய்ந்து கிடந்த நிலம் பச்சை பிடிக்கும் காலம். இதை அந்த மாணவர் விளக்கியிருந்தால் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, ஆனால் தாளை வழங்கியது அவரன்று. இத்தனைக்கும் அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு பாதாம் மரம், நாட்டு வாதுமை, இரண்டு சிவந்த இலைகளை உதிர்த்துப் போட்டிருந்தது. அந்த இரண்டையும் மேசையில் வைத்து, ஒரு பச்சை இலையையும் பக்கத்தில் வைத்திருந்தால் பாடம் தானாக நடந்திருக்கும். தேக்கங்கொழுந்தைக் கசக்கிக் கை சிவந்த பிள்ளைகளுக்கு நிறமி என்றால் என்னவென்று சொல்ல அச்சுத்தாள் எதற்கு?

மூன்றாம் நாள் வேன் வைத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு அழைத்துச் சென்றார்கள். 1977-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் அது. நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் பாம்புத்தாராவும் கூடு கட்டும் இடம். ஆனால் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கண்மாய் நிறைந்த பிறகு போக வேண்டிய இடத்துக்குப் புரட்டாசியில் போனால் எப்படி இருக்கும்? தண்ணீர் குறைவு, பறவைகளும் குறைவு, பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம். பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற செய்தி ஒன்றுதான் அன்று பிள்ளைகளிடம் ஒட்டியது. ஒரு வெடிகூடவா, மத்தாப்பாவது உண்டா என்று திரும்பும் வழியெல்லாம் விவாதம். இந்தப் பயணத்தைத் தை மாதத்துக்கு மாற்றுவது நல்லது.

நான்காம் நாளில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. களிமண்ணில் கொலுப்பொம்மை செய்தார்கள். களிமண் நல்ல மண், பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. பொம்மைக்குக் கண் வைக்க ஒரு கிண்ணம் நிறையக் குன்றிமணி வந்தது. பிள்ளையாருக்குக் குன்றிமணிக் கண் வைப்பது காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் குன்றிமணிக்குள் இருப்பது அப்ரின் என்னும் கொடிய நஞ்சு. தோல் கெட்டியாக இருப்பதால் முழு விதையை விழுங்கினால் சில சமயம் ஒன்றும் ஆகாமல் வெளியேறிவிடும். கடித்தாலோ, ஓட்டை போட்டாலோ கதை வேறு. இங்கே மாலை கோப்பதற்காக மிச்ச விதைகளை ஊசியால் துளையிட்டே வைத்திருந்தார்கள். முந்தைய நாளுக்கு முந்தைய நாள் எதையும் வாயில் வைக்காதே என்று விதி சொல்லிக்கொடுத்த அதே இடத்தில், மூன்று ஆறு வயதுப் பிள்ளைகளின் நடுவே அந்தக் கிண்ணம் இருந்தது. நான் எழுந்துபோய் எடுத்துவிட்டேன். பொறுப்பாளர் முகம் சுருங்கினாலும் மறுக்கவில்லை. அதற்குப் பதிலாக மிளகு வந்தது.

இரண்டாவது, ஓலை விளக்கு. ஓலையைப் பின்னிக் கூடாக்கி உள்ளே கடையில் வாங்கிய சிறு மின்விளக்கை வைத்தார்கள். பார்க்க அழகு. அந்த விளக்குக்குள் நாணயம் போன்ற பொத்தான் பேட்டரி. மூடிக்குத் திருகாணி கிடையாது, நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறது. இந்த வகை பேட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் எச்சிலோடு சேர்ந்து மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாகப் பொசுக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு விளக்குகளிலும் மூடியை அழுத்தமான ஒட்டுநாடாவால் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

கத்தரிக்கோலை எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். அப்பத்தாவுக்கு ஓலையின் குணம் தெரியும். மாணவருக்குச் செடியின் குணம் தெரியும். இருவரும் தங்கள் கைப்பொருளின் ஆபத்தையும் சேர்த்தே அறிந்தவர்கள். நான்காம் நாள் பொருள்கள் கடையிலிருந்து பொட்டலமாக வந்தவை. அவற்றை அறிந்தவர் அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை. கூரான பொருளைக் கண்டு எல்லோரும் எச்சரிக்கை ஆகிறோம், அழகான சின்னப் பொருளைக் கண்டு யாரும் ஆவதில்லை.

அன்று மாலையின் மாவலி, கார்த்திகைக்குத் தீப்பொறி சிதறச் சுற்றும் பனங்கரிப் பொதி, அந்தக் கோபத்தைத் தணித்தது என்றே சொல்ல வேண்டும். கார்த்திகைக்கு இரண்டு மாதம் முன்னதாகவா என்று முதலில் தோன்றியது. ஆண்பனையின் பூந்தண்டைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பிளந்த மட்டைகளுக்கிடையே வைத்துக் கட்டும் வேலையை முந்திய நாளே முடித்திருந்தார்கள். பிள்ளைகள் கரியை இடித்துப் பார்த்ததோடு சரி. சுற்றியது அப்பத்தாவின் மகன். தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதற்கு வெளியே பிள்ளைகளை நிறுத்தி, பருத்தி உடை உடுத்தி வரச் சொல்லி, இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் வைத்த பிறகே தீ வைத்தார்கள். பொறிகள் வட்டமாகச் சிதறியபோது சின்னவன் என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

மற்ற வசதிகள் போதுமானவை. குடிதண்ணீர் உண்டு, கழிப்பறை தூய்மை, முதலுதவிப் பெட்டி கண்ணில் படும் இடத்தில் இருந்தது. பெரியவர்கள் நான்கு பேர். நடைக்குப் போதும், களிமண்ணும் விளக்கும் ஒரே நேரத்தில் நடந்த நாளுக்குப் போதாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே என்றால், பெற்றோர் ஒருவர் கூட இருக்க முடிந்தால் மட்டும் அனுப்புங்கள். உள்ளே போனதும் மேசையில் என்ன விதை, என்ன பேட்டரி என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் பாதிக் கட்டணத்தில் ஒரு ஏற்பாடு இருந்தால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். கேட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் நடை முடிந்து வந்ததும் பின்கட்டு மணலில் பிள்ளைகள் ஆளுக்கொரு பனங்கொட்டையை நெருக்கி அடுக்கி மூடிவிட்டு வந்தார்கள். தையில் கிழங்கு பிடுங்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கொட்டையை வெட்டினால் உள்ளே கிடைக்கும் தவுன் என்னும் இனிப்பான பஞ்சு யாருக்கு என்ற சண்டை மட்டும் எங்கள் வீட்டில் இப்போதே தொடங்கிவிட்டது.