ஜாவா ஆப்ஷனல்: ஏழு வருடம் புழங்கிய பிறகு

புரோகிராமில் 'மதிப்பு எதுவும் இல்லை' என்று குறிக்கும் நல் (null), பெயரில்தான் நல். 1965இல் அல்கால் டபிள்யூ மொழியில் நல் ரெஃபரன்ஸைச் சேர்த்த டோனி ஹோரே, 2009இல் அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்றே சொல்லிவிட்டார். அதில் என் பங்கு சில நாள் ராத்திரித் தூக்கம்.

இந்த நல்லைச் சமாளிக்க, உள்ளே மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் பெட்டியாக, ஜாவா 8 வந்ததிலிருந்தே ஆப்ஷனல் இருக்கிறது. நான் அதைத் தினமும் தொட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் கண்ட இடத்திலெல்லாம் போட்டேன். கிளாஸ் ஃபீல்டில் போட்டதும் சீரியலைஸ் ஆகாமல் (சேமிக்கவும் அனுப்பவும் ஏற்ற வடிவுக்கு மாறாமல்) முரண்டு பிடித்தது. பாராமீட்டரில் போட்டால், அழைக்கிறவர் அந்த ஆப்ஷனலுக்குப் பதிலாகவே நல்லை அனுப்பினார். கூட இருந்தவர்களோ எதையும் சோதிக்காமல் நேராக கெட் (get, உள்ளே இருப்பதை எடு) என்று எழுதினார்கள். உள்ளே ஒன்றுமில்லையென்றால் நல்லைப் போலவே அதுவும் வெடிக்கும், எக்ஸப்ஷனின் (ஓடும்போது வரும் பிழையின்) பெயர்தான் வேறு. பழைய கள், புது மொந்தை.

பெரிய அடி ஆர்எல்ஸில் (orElse, உள்ளே ஒன்றுமில்லையென்றால் இதைத் தா) விழுந்தது. போன் நம்பரை வைத்து வாடிக்கையாளரைத் தேடு, இல்லையென்றால் புதிதாகப் பதிவு செய் என்று ஒரே வரி. படிக்க அவ்வளவு அழகு. ஆனால் ஜாவா, மெத்தடை அழைக்கும் முன்பே அடைப்புக்குறிக்குள் இருப்பதை ஓட்டிவிடும். ஆகவே பழைய வாடிக்கையாளர் வந்தாலும் பதிவு நடந்தது. மூன்று வருடமாக வருகிறவருக்கு 'நல்வரவு' எஸ்எம்எஸ் போன பிறகுதான் விழித்துக்கொண்டோம். ஆர்எல்ஸ்கெட் (orElseGet) என்று மாற்றி, முன்னால் ஒரு லாம்டா அம்புக்குறி: தேவைப்பட்டால் மட்டும் ஓட்டு என்று அர்த்தம். திருத்தம் அவ்வளவுதான், இரட்டைப் பதிவுகளைக் களைய இரண்டு நாள் ஆனது.

சரி, எங்கே உதவுகிறது? மெத்தட் திருப்பித் தரும் இடத்தில். 'கிடைக்காமலும் போகலாம்' என்பது மெத்தட் எதைத் தரும் என்று சொல்லும் சிக்னேச்சரிலேயே தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளர், முகவரி, பின்கோடு என்று மூன்று இஃப் எழுதிய இடத்தில் இப்போது 'இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போ' என்கிற மேப் சங்கிலி ஒன்று போதும். பட்டியலைத் தருவதானால் ஆப்ஷனலே வேண்டாம், ஒன்றுமில்லையென்றால் காலிப் பட்டியலைக் கொடுங்கள்.

இரண்டு வருடமாகக் கோட்லினும் (ஜாவாவோடு சேர்ந்து ஓடும் மொழி) எழுதுகிறேன். அங்கே டைப்புக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்தால்தான் நல் உள்ளே வர முடியும். சோதிக்காமல் தொட்டால் கம்பைலரே விடாது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஓட்டை இல்லாமலில்லை: ஜாவா லைப்ரரியிலிருந்து வருகிற மதிப்பில், அந்தப் பக்கம் நல் வருமா என்று சொல்லும் குறிப்பு (அன்னொடேஷன்) இல்லையென்றால், கம்பைலர் கண்டுகொள்ளாது. அப்புறம் அந்த இரட்டை ஆச்சரியக்குறி (!!): 'இது நல் இல்லை, நம்பு' என்று கம்பைலரின் வாயை அடைப்பது. கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது அதைத்தான், ஜாவாவில் கெட்டைத் தேடுவது போல.